கோட்டுக்கு நெய்த கரை

என் அப்பாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரில் நிற்பவர் மேல் துணி கோணலாக இருந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. கோயில் வரிசையில் முன்னால் நிற்கும் முன்பின் தெரியாத ஆளின் அங்கவஸ்திரம் ஒரு பக்கம் இறங்கியிருந்தால் இழுத்துச் சமப்படுத்திவிடுவார். பஸ்ஸில் காலர் நிமிர்ந்து நிற்கும் ஆளைப் பார்த்தால், "இருப்பா" என்று சொல்லி மடக்கிவிட்ட பிறகுதான் டிக்கெட் எடுப்பார். சின்ன வயதில் இதனால் எனக்கு மானம் போயிருக்கிறது. "நெசவுக்காரர் கை அப்படித்தான்" என்று அம்மா சமாதானம் சொல்வாள். எங்கள் தெரு முழுக்க நெசவுக்காரர்கள்தான். வேறு யாரும் இப்படி ஊரார் தோளில் கை வைப்பதில்லை.

அதனால்தான் கோட்டு தைக்கக் கொடுக்கப் போன அன்று டெய்லர் கடையில் நான் வேறெதையும் கவனிக்கவில்லை. அப்பாவின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். பைக்கில் வந்த காற்றில் அவர் சட்டைக் காலர் ஒரு பக்கம் எழும்பி நின்றது. எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நின்று அப்பா அதைப் பார்த்தார். அவர் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன. ஊரில் எவர் காலரையும் மடக்கிவிடுகிற மனிதர் இவர் காலரை மட்டும் தொடவில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

இனி இவரை மாப்பிள்ளை என்றே எழுதுகிறேன். அப்பா அந்தச் சொல்லை அதுவரை ஒருமுறைகூட வாயில் எடுக்காததற்கும் சேர்த்து நானே சொல்லிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை வீடு தாமல் பக்கம். அவருடைய தாத்தா அங்கே ஏரிப் பாசன வயல்களில் கூலி வேலை செய்தவர். அவருடைய அப்பா அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். மாப்பிள்ளை ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். நானும் அங்கேதான் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் வந்தோம். மீதியை யாரும் ஊகித்துக்கொள்ளலாம். எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்கிற குடும்பம். சிவன் கோயில் திருவிழாவுக்குச் சாமிக்குச் சாத்துகிற துணி இன்றைக்கும் எங்கள் தறியிலிருந்துதான் போகிறது. சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லிக் கேட்டதில்லை. சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அது குடிக்கிற டம்ளர் வரைக்கும் இருந்தது.

நான் விஷயத்தைச் சொன்ன நாளிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. கத்தவில்லை, அடிக்கவில்லை. எழுந்து போய்த் தறியில் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கும் நன்றாக வரும். வாய் திறக்காத மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது? மழைக்காலம் முழுக்க வீட்டில் தறிச் சத்தம் தவிர வேறு பேச்சு இல்லை. பொங்கல் முடிந்து ஒருநாள் காலையில் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"கோட்டு எடுத்துத் தரேன்னு சொல்லிட்டாரும்மா" என்றாள்.

"போட்டு உடுவாரா?"

"அத பத்தி ஒண்ணும் சொல்லல. நீயும் ஒண்ணும் கேக்காத. உன் வாயில கொஞ்ச நாளைக்கு கொழுக்கட்டைய வெச்சுக்கோ."

நான் கேட்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் சொந்தத்தில் ஒரு முறை உண்டு. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை, மண்டபத்தில் வரவேற்பு தொடங்குவதற்கு முன்னால், மாப்பிள்ளை பெண் வீட்டுத் தெருவுக்கு நடந்து வருவார். வாசலில் வைத்து, தெருவே பார்க்க, பெண்ணின் தகப்பனார் அவருக்குக் கோட்டு போட்டுவிடுவார். போட்டுவிட்டால் அவன் அந்த வீட்டுப் பிள்ளை. அதற்குப் பிறகு அவனைப் பற்றித் தெருவில் யாரும் வாய் திறக்க முடியாது. பெண்ணுக்கு அண்ணன் தம்பி இருந்தால் அவர்கள் செய்வதும் உண்டு. எனக்கு யாரும் இல்லை. அப்பா அந்தக் கோட்டைப் போட்டுவிட்டால் என் கல்யாணத்தில் எனக்கு அப்பா உண்டு. இல்லையென்றால் மறுநாள் காலை சர்ச்சில் நான் தனியாகப் போய் நிற்க வேண்டும். நின்றிருப்பேன், அதில் சந்தேகமில்லை. ஆனால் அப்படி நிற்க எனக்குக் கொஞ்சமும் மனமில்லை.

இப்படித்தான் நாங்கள் டெய்லர் கடையில் வந்து நின்றோம். நான், அப்பா, மாப்பிள்ளை, மாமனாராகப் போகிற டிரைவர், நான்கு பேரும். கடை பட்டுக் கடைகள் இருக்கும் பெரிய ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் இருந்தது. டெய்லர் பாய் அப்பா வயதுக்காரர், அப்பாவுக்கு வெகுநாள் பழக்கம். கழுத்தில் அளவு நாடாவும் கையில் ஒரு டேப்லெட்டுமாக வந்தார்.

"துணி கறுப்புன்னு முடிவாயிடுச்சு. இப்ப லேப்பல் சொல்லுங்க. அதுதான் கோட்டுக்கு மூஞ்சி" என்றார்.

கோட்டின் கழுத்திலிருந்து நெஞ்சு வரைக்கும் மடித்துவிட்டிருக்கும் பட்டைக்கு லேப்பல் என்று பெயர். அதற்கென்று ஒரு பெயர் இருக்கும் என்றுகூட நான் அதுவரை நினைத்ததில்லை. பாய் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். ஒன்று நாட்ச். மேல் காலரும் லேப்பலும் சேருகிற இடத்தில் முக்கோணமாக ஒரு வெட்டு விழுந்திருக்கும், ஆபீஸ் போகிறவர்கள் போடுவது. இன்னொன்று பீக். அதன் முனை தோளைப் பார்த்து மேலே கூராக நிற்கும். மூன்றாவது ஷால். வெட்டும் கிடையாது, முனையும் கிடையாது. ஒரு பக்கம் வயிற்றருகில் தொடங்கி, கழுத்தைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் ஒரே வளைவாக இறங்கிவிடும்.

"நாட்சே போதும் பாய், சிம்பிளா இருக்கும்" என்றார் மாப்பிள்ளை.

நானும் வேகமாகத் தலையாட்டினேன். சண்டை வராத லேப்பல் எதுவோ அதுவே எனக்குப் பிடித்த லேப்பல். ஆனால் அப்பா டேப்லெட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். வந்ததிலிருந்து அவர் எங்கள் யாரிடமும் பேசவில்லை. பேசியதெல்லாம் பாயிடம்தான்.

"இன்னா பாய் இது? புதுத் துணியில, நெஞ்சு மேல வெட்டு?"

"அது வெட்டு இல்லண்ணே, டிசைன்."

"வெட்டு வெட்டுதான். நல்ல காரியத்துக்குப் போடறது. வேணாம்." அடுத்த படத்தைப் பார்த்தார். "இது இன்னா, மாடு முட்ட வர மாதிரி இருக்குது?"

பாய் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அப்பா ஷால் படத்துக்கு வந்ததும் நின்றார். விரலை வைத்து, வயிற்றிலிருந்து கழுத்து வரைக்கும் அந்த வளைவைத் தடவிக்கொண்டே போனார். படம் நழுவி ஓடிப்போய் யாரோ ஒருவரின் ஷெர்வானி வந்து நின்றது. பாய் திரும்பவும் எடுத்துக் கொடுத்தார்.

"இதுதான். இதுல கரை ஓடுது. எங்கயும் அறுபடல" என்றார் அப்பா.

எனக்குப் பாதி உயிர் திரும்பியது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். எதுவாக இருந்தால் என்ன, ஒத்துக்கொள் என்று கண்ணைக் காட்டினேன். அவரும் "ஓகே பாய், இதே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். காரியம் முடிந்தது என்றே நினைத்தேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமனார் அப்போதுதான் கையை நீட்டினார். "எங்க, குடுங்க பாப்போம்."

கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "இது துண்டு போட்ட மாதிரி இருக்குது, சம்பந்தி."

சம்பந்தி என்ற சொல்லுக்கு அப்பா திரும்பவில்லை. அளவு நாடா மாட்டியிருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா உங்க தெருவுக்கு மாட்டுக்கு வைக்கோல் கொண்டாந்து போடுவாரு" என்றார் மாமனார். பஸ் ஓட்டியவர், குரலை உயர்த்திப் பேசத் தெரிந்தவர். ஆனால் அன்று உயர்த்தவில்லை. "சின்னப் பையன் நானு, வண்டி மேல உக்காந்துக்கினு வருவேன். உங்க தெரு முனையிலயே 'நில்லு'ம்பாங்க. கழுத்துல இருக்கிற துண்ட எடுத்து கக்கத்துல வெச்சாதான் உள்ள உடுவாங்க. வெயிலுக்குக்கூட தலையில போட முடியாது. வைக்கோல எறக்கிட்டு, திரும்ப தெரு முனைக்கு வந்தப்புறம்தான் துண்டு தோளுக்கு ஏறும்."

தையல் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த பெண் காலை நிறுத்திவிட்டாள்.

"அதனால இதையே தைங்க பாய்" என்றார் மாமனார். "என் பையன் இத போட்டுக்கினு அந்தத் தெருவுல நடக்கட்டும்."

இருவரும் ஒரே லேப்பலைத்தான் கேட்டார்கள். யாரும் யாரையும் மறுத்துப் பேசவில்லை. இருந்தும் அது எனக்குச் சண்டையாகவே பட்டது.

அப்பா டேப்லெட் இருந்த திசையைக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும்" என்றார். அந்த ஒரு சொல்தான். அதை யாரிடம் சொன்னார் என்றுகூட எனக்கு விளங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார். "அண்ணே, டீ சொல்லியிருக்கேன்" என்று பாய் கூப்பிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். சந்து முனைக்குப் போவதற்குள் அவர் சைக்கிள் ஏறிப் போயே போய்விட்டார்.

திரும்பி வந்து நான் மாப்பிள்ளையைக் கடைக்கு வெளியே இழுத்து வைத்துக் கேட்டேன். "உங்கப்பாவுக்கு இன்னிக்குதான் இத சொல்லணுமா? இத்தன மாசம் கழிச்சு அவர் இன்னிக்குதான் வந்திருக்காரு."

"வேற என்னிக்கு சொல்றது?" என்றார் மாப்பிள்ளை.

பதில் இல்லாதபோது எனக்குக் கோபம் இன்னும் அதிகமாகும். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அவரோடு நான் பேசிய பேச்சை இங்கே எழுதப்போவதில்லை. மாமனார் சொன்னது முழுக்க உண்மை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அந்த உண்மை என் கல்யாணம் முடியும் வரை காத்திருக்கக் கூடாதா என்றுதான் எனக்கு எரிந்தது. காத்திருங்கள் என்பதையே எத்தனை பேர் எத்தனை காலமாக அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

வீட்டில் அப்பா தறியை விட்டு எழவே இல்லை. அம்மா வைத்த தட்டு வைத்தபடியே திரும்பி வந்தது. பெரிய தறியில் பாதியில் நின்ற சேலை பாதியிலேயே கிடக்க, மூலையிலிருந்த சின்னத் தறியில் புதுப் பாவு நூல் ஏறியது. சேலை நெய்யும்போது கேட்கிற சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். இது வேறு மாதிரி, சின்னதாக, விட்டு விட்டுக் கேட்டது. என்ன நெய்கிறார் என்று எட்டிப் பார்க்க இரண்டடி வைத்தால் போதும். நான் வைக்கவில்லை. ரோஷம் அவருக்கு மட்டும்தான் இருக்க வேண்டுமா?

இதற்கு நடுவில் பெரியப்பா வந்தார். கூடத்தில் உட்காராமல் நின்றுகொண்டே, தறிக் கூடத்துக்குக் கேட்கும்படி சொன்னார். "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கட்டிக் குடு, ஒருத்தரும் இன்னான்னு கேக்க மாட்டோம். தெருவுல வெச்சு அவனுக்கு கோட்டு மாட்டுன, அப்புறம் நாங்க வெளியில நின்னு வேடிக்கதான் பாப்போம். படி ஏற மாட்டோம். யோசிச்சுக்கோ." தறிச் சத்தம் நிற்கவில்லை. பெரியப்பா அம்மா கொடுத்த காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

கோட்டு பாதி தைத்து, போட்டுப் பார்க்கக் கூப்பிட்டிருந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாப்பிள்ளையும் மாமனாரும் சர்ச் முடித்து நேராகக் கடைக்கு வந்தார்கள். நான் தனியாகப் போனேன். லேப்பலுக்குப் பாய் பளபளவென்று கறுப்பு சாட்டின் வெட்டி வைத்திருந்தார். அதை அவர் கையில் எடுக்கும் நேரத்தில் அப்பா ஒரு மஞ்சள் பையோடு படியேறினார்.

"சாட்டின் வேணாம் பாய். இத வைங்க."

பையிலிருந்து ஒரு நீளப் பட்டுப் பட்டையை எடுத்து மேஜைமேல் விரித்தார். ஒரு சாண் அகலத்துக்கு மேல் இருக்கும். கறுப்புப் பட்டு, நடுவில் வரிசையாக ஜரிகை அன்னங்கள், இரண்டு ஓரத்திலும் மெல்லிசாகப் பச்சைக் கரை. சேலைக் கரையில் அன்னம் விளிம்பில் கால் ஊன்றி நிற்கும். அதை அப்படியே எடுத்து நெஞ்சில் வைத்தால் அன்னம் படுத்துவிடும். அப்பா அதை யோசித்து, நீளவாக்கில் நிமிர்ந்து நிற்கும்படி தறிக்கு உருவம் சொல்லும் டிசைன் அட்டையையே மாற்றித் துளை அடித்திருந்தார். ஒரு வயிற்றோரத்தில் தொடங்கிக் கழுத்தைச் சுற்றி மறு வயிற்றோரம் வரைக்கும், எங்கும் வெட்டாமல், ஒரே துண்டாக வரும்படி அளந்து நெய்திருந்தார். என் கோபம் அந்த இடத்திலேயே பாதி கரைந்துவிட்டது. மீதிப் பாதியை நான் இறுக்கிப் பிடித்து வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை கோட்டு போட்டு நிற்க, பாய் பட்டையின் ஒரு முனையை வலது பக்கம் வைத்து ஊசி குத்திக்கொண்டே மேலே போனார். அன்னங்கள் தலை நிமிர்ந்து தோளை நோக்கி நடந்தன. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. பின்கழுத்தைச் சுற்றி இடது பக்கம் கொண்டுவந்து இறக்கினார். பாதி இறங்கியதும் அவர் கை நின்றது.

இடது நெஞ்சில் அன்னங்கள் எல்லாம் தலைகீழாகத் தொங்கின.

தறியில் உட்கார்ந்தவருக்குத் திசை ஒன்றுதான். அன்னங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து வரிசையாக அவரை நோக்கி வரும். சேலை அப்படியே போகும், திரும்பி வராது. கழுத்தைச் சுற்றி மறுபக்கம் இறங்கும்போது மேல் கீழாகிவிடும் என்பது தையல்காரருக்கு உடனே தெரியும், நெசவுக்காரருக்குத் தோன்றாது. ஊருக்கே கோணல் பார்க்கிற அப்பா கண்ணாடியில் அதைப் பார்த்தார். அவர் முகம் கறுத்துப்போனது. யாராவது அப்போது லேசாகச் சிரித்திருந்தால்கூட அத்தனையும் முடிந்திருக்கும். மாமனார் பெஞ்சிலிருந்து முன்னால் குனிந்தார். தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள் என்று அவரை மனதுக்குள் கும்பிட்டேன்.

"ஒண்ணும் இல்லண்ணே" என்றார் பாய். "நடுவுல கட் பண்ணி, ஒரு பாதிய திருப்பி வெச்சு, பின்கழுத்துல ஜாயின்ட் குடுத்துடலாம். ஷால்னாலே அங்க ஒரு தையல் வரும். யாருக்கும் தெரியாது."

"வெட்டக் கூடாதுன்னுதான் இத எடுத்தேன்" என்றார் அப்பா. ஊசிகளை ஒவ்வொன்றாக அவரே பிடுங்கினார். பட்டையை உருவி மேஜைமேல் போட்டு, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிக்க ஆரம்பித்தார். அவர் துணியை மடித்தால் கிளம்பப் போகிறார் என்று அர்த்தம்.

எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா சொன்ன கொழுக்கட்டையைத் துப்பிவிட்டேன். "எதுக்குதான் நெய்றீங்க? தறியிலயே உட்டு வெக்கவா? சேலைய முடிச்சா அறுத்துதானே எடுக்கறீங்க? அத செய்ற கைக்கு இத வெட்ட முடியாதா?"

அத்தனை மாதங்களில் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் மெதுவாகிவிட்டது.

அப்போது மாமனார் எழுந்து மேஜைப் பக்கம் வந்தார். மடித்த பட்டையின் ஓரத்தைத் தொடாமல், விரலை அருகில் கொண்டுபோய்க் காட்டினார். "பச்சை எதுக்கு? கறுப்புக்கு செவப்புதானே எடுப்பா இருக்கும்?"

"உங்கப்பா துண்டு பச்சைக் கரை" என்றார் அப்பா.

மாமனார் அப்படியே நின்றார்.

"மொகம் ஞாபகம் இல்ல. எனக்கு யார் மொகமும் நிக்காது" என்றார் அப்பா, பட்டையைப் பார்த்தபடியே. "கக்கத்துல துண்டு இருக்கும். மெல்லிசா பச்சைக் கரை. ஒரு ஓரம் பிரிஞ்சி நூல் தொங்கிக்கினு இருக்கும். இழுத்து முடிச்சு போட்டா சரியாயிடுமேன்னு எனக்கு கை பரபரக்கும். எங்கப்பா திண்டாடிப் போயிடுவாரு என்னைப் புடிச்சு வெக்க." பட்டையின் ஓரத்தை விரலால் நீவினார். "நில்லுன்னு சொன்னதும் எங்கப்பாதான்."

மாமனார் "ஆமா, பச்சைதான்" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் அசைந்ததை நான் பார்த்தேன். பார்க்காதது போல் இருந்தேன்.

அப்பா மடித்த பட்டையைப் பிரித்தார். மாப்பிள்ளைக்கு முன்னால் போய் நின்றார். இரண்டு கைகளாலும் அதைத் தூக்கி அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டார். இரண்டு முனைகளையும் வயிற்றருகில் பிடித்து, ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, ஏற்றி இறக்கிச் சமமாக்கினார். நடு எங்கே விழுகிறது என்று பின்னால் போய்ப் பார்த்தார். அங்கே சட்டைக் காலர் வழக்கம்போல் ஒரு பக்கம் எழும்பி நின்றது. அதை மடக்கிவிட்டார்.

"நிமிர்ந்து நில்லுப்பா" என்றார்.

மாப்பிள்ளை நிமிர்ந்தார். அவர் கண் நேராகக் கண்ணாடியில் என்னைத் தேடியது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். அப்பா பாயிடமிருந்து சாக்பீஸ் வாங்கிப் பின்கழுத்தில் கோடு போட்டார். "இங்க வெட்டுங்க பாய்" என்று பட்டையை மேஜையில் இழுத்துப் பிடித்துக்கொண்டார். கத்தரி ஓடி முடியும்வரை அவர் கை விலகவில்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். "வாசல்ல வெச்சு நீங்களே போட்டு உடுவீங்களாப்பா?"

"கடை வேற, தெரு வேறம்மா" என்றார். பெடலை மிதித்துப் போய்விட்டார்.

வரவேற்பு நாள் மாலை. வாசலில் தண்ணீர் தெளித்துப் பெரிய கோலம் போட்டிருந்தது. கோட்டை அம்மா தாம்பாளத்தில் வைத்து, பக்கத்தில் பூவும் சந்தனமும் வைத்திருந்தாள். அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு, அந்தத் தாம்பாளத்தோடு வாசல்படியில் நின்றார். எதிர் வீட்டு வாசலில் பெரியப்பாவும் சொந்தக்காரர்களும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சொன்னது போலவே வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தார்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் தலைகள். அன்று தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. நான் பட்டுச் சேலையும் நகையுமாக ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றேன்.

கார் தெரு முனையில் நின்றது. முறைப்படி அங்கிருந்து நடந்துதான் வர வேண்டும். முதலில் மாப்பிள்ளை இறங்கினார், வெள்ளைச் சட்டையில். பின்னால் மாமனார். எப்போதும் பேண்ட் சட்டையில் மட்டும் பார்த்த மனிதர் அன்று வேட்டி கட்டியிருந்தார். கழுத்தைச் சுற்றிப் புத்தம்புது வெள்ளைத் துண்டு. கஞ்சி விறைப்பு இன்னும் போகவில்லை. அந்தத் துண்டு எதற்கு என்று தெருவில் வயதானவர்கள் அத்தனை பேருக்கும் புரிந்தது. எதிர் வீட்டு வாசலில் யாரோ செருமினார்கள்.

இருவரும் தெருவுக்குள் நடந்தார்கள். முதல் சில வீடுகளைக் கடந்திருப்பார்கள். அப்பா தாம்பாளத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். கோலத்தைத் தாண்டி, நடுத்தெருவில், அவர்களை நோக்கி வேகமாக நடந்தார்.

"நில்லுங்க" என்றார்.

தெருவே கேட்டது. மாமனார் நின்றுவிட்டார். அவர் கை தன்னையறியாமல் துண்டுக்குப் போனது. எடுக்கப் போகிறாரா, விடாமல் பிடித்துக்கொள்ளப் போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். மாப்பிள்ளை ஓரடி முன்னால் வந்து தன் அப்பாவுக்கு அருகில் நின்றுகொண்டார். இவ்வளவு தூரம் வந்து இந்த ஒரு சொல்லிலா எல்லாம் உடைய வேண்டும் என்று கத்தலாம் போலிருந்தது.

அப்பா மாமனாருக்கு நேர் எதிரில் போய் நின்றார்.

"ஒரு முனை கீழ தொங்குது, சம்பந்தி" என்றார்.

இரண்டு கைகளாலும் துண்டின் இரண்டு முனைகளையும் பிடித்தார். நெஞ்சுக்கு நேராக ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார். ஒரு பக்கத்தை இழுத்து, மறுபக்கத்தைத் தளர்த்தி, திரும்பவும் வைத்துப் பார்த்தார். அவசரமே படவில்லை. எதிர் வாசலில் இருந்தவர்கள் கட்டிய கைகளோடு பார்த்துக்கொண்டே நின்றார்கள். தோளில் இருந்த ஒரு மடிப்பைக்கூட உள்ளங்கையால் தேய்த்து நீவிவிட்டார்.

"இப்ப சரியா இருக்குதா?" என்று கேட்டார் மாமனார்.

"இருக்குது" என்றார் அப்பா. மாப்பிள்ளையின் தோளிலும் கையைப் போட்டுக்கொண்டார். "உள்ள வாங்க. மாப்பிள்ளைக்கு கோட்டு போடணும்."